நாற்பத்து மூன்று உஷ்

பிப்ரவரி 19, திங்கள்

அச்சகத்தில் இன்று முழுக்கப் பேருந்துக் கால அட்டவணை. நூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஒரு வாக்கியம்கூடக் கிடையாது, எல்லாம் எண்கள். எண்களில் பிழை பார்ப்பதுதான் கொடுமை. எழுத்துப் பிழை கண்ணில் உறுத்தும். 6.40 என்பது 6.10 என்று விழுந்துவிட்டால் அது பாட்டுக்கு அமைதியாக உட்கார்ந்திருக்கும். யாராவது ஒருவர் அரை மணி நேரம் வெயிலில் நின்ற பிறகுதான் தெரியும்.

மூன்று மணிக்கு வாத்தியார் வந்தான். வாத்தியார் என்றால் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். இருபத்தாறு வருஷமாக, "பிரேக்! பிரேக்!" என்று கத்தியே பிழைப்பு. எப்போதும் வாசலிலேயே, "டேய் கமா!" என்று கூப்பிட்டுக்கொண்டு வருவான். பிழை திருத்துகிறவன் என்பதால் எனக்கு அவன் வைத்த பெயர். இன்று கூப்பிடவில்லை. எதிரே உட்கார்ந்து அட்டவணையைப் புரட்டினான்.

"இதுல ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸுடா போகும்?"

மூன்று மாதமாக அவன் குரல் கரகரவென்று இருந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கும் என்றுதான் எல்லாரும் சொன்னோம். நானும் சொன்னேன். குரல்வளையில் புற்று. வருகிற வியாழன் இல்லை, அதற்கடுத்த வியாழன் அறுவை சிகிச்சை. குரல்வளையையே எடுத்துவிடுவார்களாம். உயிர் தப்பிவிடும், பேச்சு போய்விடும்.

"இருபத்தொம்பதாம் தேதிடா. நல்லவேளை. நாலு வருஷத்துக்கு ஒரு தடவதான் அந்தத் தேதியே வரும். வருஷா வருஷம் ஞாபகம் வராது பாரு."

நான் என்ன சொன்னேன்? எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

ஒரே பக்கத்தை மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் ஒரு பிழையும் தெரியவில்லை. மேலாளர் நாலு காட்டினார்.

பிப்ரவரி 22, வியாழன்

வாத்தியாரின் மனைவி வீட்டுக்கு வந்திருந்தது. கூடப் பிறக்கவில்லையே தவிர, எனக்குத் தங்கச்சிதான். காபியைக் கையில் வைத்துக்கொண்டே ஆறவிட்டது. பிறகு திடீரென்று, "அண்ணே, அவரு குரல் எனக்கு வேணும்ணே" என்றது.

இவனுக்குக் குளிக்கப் போகும்போது துண்டு எடுத்துப் போகிற பழக்கமே கிடையாதாம். இருபத்திரண்டு வருஷமாகக் குளியலறைக்குள்ளிருந்து, "துண்டு!" என்று ஒரு கத்தல். "தினமும் திட்டிக்கிட்டேதான் கொண்டுபோய்க் குடுப்பேன்ணே. இனிமே எப்படி..."

போனில் பதிவு செய்துவைக்கலாம் என்று கேட்டால் எரிந்து விழுகிறானாம். "நான் என்ன செத்தா போறேன், ஞாபகார்த்தமா வெக்கிறதுக்கு?" அதனால் ஞாயிற்றுக்கிழமை படகில் மீன் பிடிக்கப் போகும்போது அவனுக்குத் தெரியாமல் நான் எடுக்க வேண்டும். "உங்ககூட போட்ல போனாத்தான் அவரு வாய் ஓயாதுண்ணே."

அது போன பிறகு என் வீட்டுக்காரி சொன்னாள்: "ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுற மனுஷன்கிட்டப் போயி பேச்ச எடுத்துத் தரச் சொல்லுது பாரு." நாலு வார்த்தை என்பது உண்மைதான். பேச்சு என்று ஒன்று எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. இத்தனை வருஷம் எனக்கும் சேர்த்து அவன் பேசிவிட்டான்.

பிப்ரவரி 24, சனி

போனில் பதிவு செய்து பழகிப் பார்த்தேன். என் குரலா இது? கிணற்றுத் தவளை தோற்றது.

பிப்ரவரி 25, ஞாயிறு

நடந்ததை ஒன்று விடாமல் எழுதிவைக்கிறேன்.

ஐந்தரைக்குப் படகுத்துறை. யாரோ பயன்படுத்திக் கழித்த சின்னப் படகு, வாத்தியாருடையது. வாங்கிய வாரமே பழைய பயிற்சிக் காரிலிருந்து கழற்றிய கண்ணாடியையும், 'எல்' பலகையையும், ரப்பர் குமிழ் வைத்த பாம்-பாம் ஹார்ன் ஒன்றையும் அதில் மாட்டிவிட்டான். கடலில் பின்னால் வருகிறவனைப் பார்க்கக் கண்ணாடி! மற்ற படகுக்காரர்கள் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

நான் சட்டைப் பையில் போனை வைத்துப் பதிவைத் தொடங்கி, பையின் பொத்தானையும் போட்டுக்கொண்டேன். பெரிய உளவாளி என்று நினைப்பு.

"இன்னிக்கு நீ ஓட்டுறா. கண்ணாடியப் பாரு. சுத்துமுத்தும் பாரு. கையக் காட்டு. இப்ப மெதுவா கிளட்ச்ச விடு."

"படகுல கிளட்ச் எங்கடா இருக்கு?"

"மனசுல இருக்கணும்டா!"

எதிரே ஒரு நீர்க்காகம் மூழ்கி எழுந்தது. அதற்கு ஹார்ன் அடித்தான். அது நகரவில்லை. "பாத்தியா, லைசென்ஸ் இல்லாதவன் எல்லாம் ரோட்டுக்கு வந்துட்டான்" என்றான்.

வழக்கமான இடம் வந்ததும், "ஹேண்ட் பிரேக்!" என்று அறிவித்துவிட்டு நங்கூரத்தைத் தூக்கிப் போட்டான். கயிறு சரசரவென்று போனது. போனது, போனது, வாலையும் காட்டிவிட்டுப் போயே போய்விட்டது. படகோடு அதைக் கட்டியிருக்க வேண்டியவன் நான். நான் நினைத்தேன், அவன் கட்டியிருப்பான் என்று. கொஞ்ச நேரம் இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். "பரவால்லடா. முதல் நாள் எல்லாரும் ஹேண்ட் பிரேக்கக் கையோட பிடுங்கிட்டுத்தான் வருவாங்க" என்றான். அதன் பிறகு கடல் எங்களைக் கொண்டுபோன பக்கம் போனோம்.

தூண்டில் போட்டோம். பேச்சுச் சத்தத்துக்கு மீன் ஓடிவிடும் என்பது என் கட்சி. மீனுக்குக் காது எங்கே இருக்கிறது என்பது அவன் கட்சி. இந்த வழக்கு இருபது வருஷமாக நடக்கிறது. அவன் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம், முதுகோடு முதுகு.

பெண் கேட்கப் போன கதையை ஆரம்பித்தான். நான் கேட்டிராத கதை! மாப்பிள்ளை எப்படி வண்டி ஓட்டுகிறான் என்று பார்க்க வேண்டும் என்றாராம் மாமனார். பயிற்சிக் காரில் ஏற்றி, வாத்தியார் உட்காரும் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்தானாம். அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு என்பது அவருக்குத் தெரியாது. பயத்தில் காலை ஊன்றுகிறார், வண்டி நின்றுவிடுகிறது. இவன் எடுக்கிறான், அவர் ஊன்றுகிறார், நிற்கிறது. தெரு முழுக்க வேடிக்கை. கடைசியில் இவன் குனிந்து அந்தப் பிரேக்கைக் காட்டிக்கொடுத்தான். "அவரு அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் என்னப் பாத்து ஒண்ணு கேட்டாரு பாரு..."

என் தூண்டில் நரம்பு வெட்டி இழுத்தது. நல்ல இழுப்பு. நான் "உஷ்!" என்றேன்.

அவன் நரம்பும் அதே நேரத்தில் இழுத்தது. "டேய், எனக்குப் பெருசு மாட்டிருக்கு! நீ உன்னத இழுத்து வெய்யிடா!" "எனக்குந்தான்டா பெருசு! நீ விடு!" நான் இழுத்தால் அவனுடையது திமிறுகிறது, அவன் இழுத்தால் என்னுடையது திமிறுகிறது. பத்து நிமிஷம். உள்ளங்கை சிவந்துவிட்டது. பார்த்தால், படகுக்கு அடியில் போய் இரண்டு தூண்டிலும் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டிருக்கிறது. அவனை நான் பிடித்திருக்கிறேன், என்னை அவன் பிடித்திருக்கிறான். படகில் மல்லாந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை. வாயைத் துடைத்த துணியை எனக்குக் காட்டாமல் மடித்து வைத்துக்கொண்டான்.

பத்து மணிக்கு எனக்கு வழக்கம்போல வாந்தி. இருபது வருஷமாகக் கடலுக்குப் போகிறேன், இருபது வருஷமாக வாந்தி எடுக்கிறேன். அவன் வழக்கம்போலப் பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

ஒரு மீன்கூட இல்லை. துறையில் எண்ணெய் ஊற்றுகிறவர், "என்ன புடிச்சீங்க?" என்று கேட்டதற்கு, "இவனத்தான் புடிச்சேன், முள்ளு ஜாஸ்தி" என்றான்.

நாள் முழுக்கச் சிரித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து கை கழுவும்போது அழுகை வந்துவிட்டது.

பிப்ரவரி 26, திங்கள்

போட்டுக் கேட்டேன். ஐந்து மணி நேரம் பத்து நிமிஷம்.

எஞ்சின். காற்று. பைத் துணி போனில் உரசுகிற சத்தம். அவன் குரல் எங்கோ பக்கத்து வீட்டில் யாரோ பேசுவது போல. சொல் பிரியவில்லை. காது வலிக்க வலிக்கக் கேட்டாலும் பிரியவில்லை. என் நெஞ்சில் இருந்த போனுக்கு என் குரல்தானே பக்கம்? தெளிவாக இருப்பது நான். நான் என்ன பேசினேன்? "உஷ்." அவன் சூடுபிடித்து வருகிறான், "உஷ்." ஒரு நிமிஷம் அமைதி. மறுபடி ஆரம்பிக்கிறான், "உஷ்."

நாற்பத்து மூன்று. எண்ணினேன். தொழில் புத்தி.

நேத்து ஒரு நாள்கூட வாயை மூடிக்கொண்டு இருக்க முடியலையாடா உன்னால? பேச்ச எடுக்கத்தானே போன? மீனு வரலேன்னா என்ன குடியா முழுகிடும்?

எழுதியதை அடிக்கப் போனேன். வேண்டாம், இருக்கட்டும்.

பிப்ரவரி 27, செவ்வாய்

இன்னொரு முறை எடுத்துவிடலாம் என்று ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை பேசிய பேச்சில் தொண்டை வீங்கி, நேற்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. பேசவே கூடாது என்று டாக்டர் உத்தரவு. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி, ஹார்ன் குமிழை அமுக்குவது போல் இரண்டு முறை அமுக்கினான்.

தங்கச்சி வராந்தாவில் மெதுவாகக் கேட்டது: "கெடச்சுதாண்ணே?"

"ம்" என்றேன்.

பிப்ரவரி 29, வியாழன்

ஏழு மணி நேரம். நல்லபடியாக முடிந்தது என்றார் டாக்டர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவன் வாய்ப்பேச்சைக் கொடுத்துப் பிழைத்திருக்கிறான்.

மார்ச் 3, ஞாயிறு

கழுத்தில் துளை. அதன் வழியாகத்தான் மூச்சு. பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு அதையே பார்த்தேன். ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், சொல்வதற்கு ஒன்றும் வரவில்லை. அவன் சிலேட்டில் எழுதிக் காட்டினான்:

"ஒரு ரூமுக்கு ஒருத்தன் பேசாம இருந்தா போதும்டா."

அப்போதும் நான் சிரிக்கத்தான் செய்தேன். பேசவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். நான் போனபோது அவன் குளித்துக்கொண்டிருந்தான், கழுத்தில் தண்ணீர் படாமல் என்னென்னவோ கட்டிக்கொண்டு. உள்ளே வாளியைத் தட்டுகிற சத்தம். டங், டங். தங்கச்சி துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றது. கொடுக்கவில்லை. இன்னும் எதற்கோ காத்திருப்பது போல நின்றது. மறுபடி டங், டங். கதவைக் கொஞ்சம் திறந்து துண்டை உள்ளே நீட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டது.

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. பின்னாலேயே போய்ச் சொல்லிவிட்டேன். பொய் சொன்னேம்மா, குரல் சரியா விழலை, எல்லாத்தையும் நானே கெடுத்துட்டேன். திட்டும் என்று நினைத்தேன். "இருக்கறதப் போடுங்கண்ணே" என்றது.

ஐந்து மணி நேரத்தில் ஒரே ஒரு இடம்தான் தெளிவு. நான் வாந்தி எடுக்கிற இடம். என்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்திருந்தானே, அப்போது அவன் வாய் என் தோளுக்கு மேல், பைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. முதலில் என் ஓங்கரிப்பு. கேட்கவே அசிங்கம். பிறகு அவன் குரல், காதோடு சொல்வது போல: "விடு, விடு. எல்லாம் வெளிய வரட்டும். பயப்படாத. நான் புடிச்சிருக்கேன்."

தங்கச்சி அதை ஏழெட்டு முறை கேட்டது. வாந்தியை வெட்டிவிட்டுக் கொடுக்கிறேன் என்றேன். "வேணாம்ணே. அதுவும் இருக்கட்டும். அப்பத்தான் எதுக்குச் சொன்னாருன்னு தெரியும்."

பெண் கேட்ட கதையையும் சொன்னேன், நான் உஷ் என்ற இடம் வரைக்கும். அதன் முகம் மாறிவிட்டது. "எங்கப்பா என்ன கேட்டாருண்ணே? இத எங்கிட்ட ரெண்டு பேருமே சொன்னதில்லையே." அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. கேட்பதற்கு ஆள் இல்லை.

நாற்பத்து மூன்றில் ஒன்று இவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 18, திங்கள்

வேலை முடிந்து படகுத்துறைக்குப் போய், ஹார்னைக் கழற்றிக்கொண்டு போய் அவர்கள் வீட்டுக் குளியலறையில் மாட்டினேன். ஆணி அடிக்கும்போது விரலிலும் ஒரு அடி.

மார்ச் 19, செவ்வாய்

"காலைல ஆறு மணிக்கு பாம்-பாம்னு அடிச்சாருண்ணே. எதிர் வீட்டுக்காரர் ஓடி வந்து காரை ஓரமா நிறுத்திட்டாரு." தங்கச்சி போனில் சிரித்தது. பிறகு சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்று வந்திருக்கிறது. ஒரு முறை பேசிப் பார்த்தான். சிலேட்டை எடுத்து, "மிக்ஸி பேசுற மாதிரி இருக்கு" என்று எழுதினான். இப்போது அது மேஜை இழுப்பறையில் இருக்கிறது. பழகப் பழகச் சரியாகும் என்கிறார் டாக்டர்.

அப்பா கேட்டது என்ன என்று தங்கச்சி இன்றும் கேட்டது. வெகு நேரம் யோசித்துவிட்டு எழுதினான்: "எழுதினா செத்துடும். சொல்லணும்." உடனே அழித்துவிட்டான்.

அவன் சொல்வது எனக்குப் புரிகிறது. எழுத்தோடேயே பிழைக்கிறவன் எனக்குப் புரியாமல் யாருக்குப் புரியும்? தங்கச்சிக்குக் கோபம், எழுந்து உள்ளே போய்விட்டது. அவன் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான். தோள் குலுங்கியது. அழுகைக்கும் இப்போது அவனுக்குச் சத்தம் கிடையாது.

மே 13, திங்கள்

மறுபடி கார் சொல்லிக்கொடுக்கப் போகிறான். வலது என்றால் வலது தோளில் ஒரு தட்டு, இடது என்றால் இடது தோளில். தப்பு செய்தால் பக்கத்துப் பிரேக்கை மிதித்துவிட்டு, திரும்பிப் பார்க்கிறானாம், அவ்வளவுதான். முன்பு கத்தியதைவிட இதுதான் பயமாக இருக்கிறது என்கிறார்களாம் பிள்ளைகள்.

ஜூன் 16, ஞாயிறு

டாக்டர் அரை மனதோடு சம்மதித்தார். அலை அடிக்காத உள்பக்கம் மட்டும், கழுத்தில் தண்ணீர் தெறிக்கக்கூடாது, மிதவைச் சட்டை போட்டே ஆக வேண்டும். புது நங்கூரம் வாங்கிப் போயிருந்தேன். கட்டினேன். கட்டியதை மூன்று முறை சரிபார்த்தேன்.

ஹார்ன் குளியலறையில் இருப்பதால் சத்தமில்லாமல் புறப்பட்டோம். என் தோளைத் தட்டினான், ஓட்டினேன். கண்ணாடியைக் காட்டினான், பார்த்தேன். அதில் அவன் முகம் தெரிந்தது.

தூண்டில் போட்டு ஐந்து நிமிஷம் ஆகவில்லை, மீன். நல்ல கனம். அடுத்து இன்னொன்று. இருபது வருஷத்தில் இப்படி மாட்டியதில்லை. மூன்றாவதைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பினேன். அவன் சிலேட்டைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

"நீ சொன்னதுதான் சரி. மீனுக்குக் காது இருக்கு."

ஜோக்காகத்தான் எழுதினான். வாளியில் மூன்று மீனும் துள்ளிக்கொண்டிருந்தன. இந்த வழக்கில் நான் ஜெயித்திருக்கவே வேண்டாம்.

தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டு, பக்கம் மாறி அவனுக்கு எதிரே உட்கார்ந்தேன். பேச ஆரம்பித்தேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை, அவன் கதையையே சொன்னேன். மாமனாரை வண்டியில் ஏற்றியது, அவர் காலை ஊன்றியது, வண்டி நின்றது, தெரு வேடிக்கை பார்த்தது. சத்தமாகச் சொன்னேன். நடித்தும் காட்டினேன். படகு ஆடியது. உஷ் என்ற இடம் வந்ததும், "அப்ப அவரு உன்னப் பாத்து ஒண்ணு கேட்டாரு. 'தம்பி, இந்த வண்டி என்ன வெல?' அதானே?"

இல்லை என்று தலையாட்டினான்.

"'என்னை எப்ப எறக்கி விடுவ?'"

இல்லை.

"'வேற மாப்பிள்ள யாராவது இருக்காங்களா?'"

சிரித்துவிட்டான். கழுத்துத் துணி படபடத்தது. சிலேட்டைக் கீழே வைத்தான். இரண்டு கையாலும் ஸ்டீரிங் பிடித்தான். கரையைக் காட்டினான், தங்கச்சி இருக்கிற பக்கம். தன் பக்கத்தில் இருந்த காலி இடத்தைக் காட்டினான். அந்த இடத்தில் காலை வைத்து ஒரு மிதி மிதித்தான். பிறகு புருவத்தைத் தூக்கி, மாமனார் மாதிரியே கவலையோடு என் முகத்தைப் பார்த்தான்.

"'கல்யாணத்துக்கப்புறம் எம் பொண்ணு பக்கமும் ஒரு பிரேக் இருக்குமா மாப்ள?'"

என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டான். அதேதான்! அதேதான்! நான் சிரித்த சிரிப்பில் எனக்கே மூச்சு முட்டியது. "அதுக்கு நீ என்ன சொன்ன?" என்றேன். தன் காலை மெதுவாகத் தூக்கி, இரண்டு கையையும் ஸ்டீரிங்கிலிருந்து எடுத்துக் கும்பிட்டான். எல்லாப் பிரேக்கும் அவள் பக்கம்தான்.

அதோடு நான் நிறுத்தவில்லை. நங்கூரம் போன கதை, நீர்க்காகத்துக்கு ஹார்ன் அடித்த கதை, பேருந்து அட்டவணை, என் மேலாளர், எதிர் வீட்டுக்காரர் என்று வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். பத்து மணிக்கு வாந்தி வந்தது. அவன் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான். எடுத்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். ஒரு நேரத்தில் அவன் தூண்டில் லேசாக இழுத்தது. என் பக்கம் திரும்பி, உதட்டில் ஒற்றை விரலை வைத்தான்.

நான் நிறுத்தவில்லை.

சாயங்காலம் அவர்கள் வீட்டில் தங்கச்சியை உட்காரவைத்து, முழுக் கதையையும் முதலிலிருந்து சொன்னேன். அவன் ஸ்டீரிங் பிடித்தான், நான் பேசினேன். அப்பா கேட்டதைச் சொன்னதும் தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. "இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே" என்றது. சொன்னேன்.

மீன் மூன்று. மூன்றும் நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் பிடித்தவை.